வரப்புக்கும் வயலுக்கும் பிறந்த பயிர்

மலைமேலே கோதுமைக் காட்டில் களையெடுக்கிற மாராயிக்கு அன்றைக்குத் தலை சுற்றிப்போச்சு. முன்னால் ஒரு பயிர் நிற்குது. தாளைப் பார்த்தால் கோதுமை, கதிரைப் பார்த்தால் வரப்புப் புல். பிடுங்கவா, விடவா? பயிரைப் பிடுங்கினாலும் சரி, களையை விட்டாலும் சரி, குடிசையைக் காலி பண்ணணும் என்பது பண்ணைக்காரர் போட்ட சட்டம். ஒன்றும் புரியாமல் அதை அப்படியே விட்டுவிட்டாள்.

கோவேறு கழுதைமேல் வந்த பண்ணைக்காரர் கண்ணில் அதுதானா படணும்! இறங்கிக் கதிரைக் கசக்கினார். ஒரு மணிகூட இல்லை, அத்தனையும் பதர்.

“ஏ மாராயி! இது கோதுமைன்னா மணியைக் காட்டு. புல்லுன்னா இப்பவே மூட்டையைக் கட்டு!”

மாராயி பயிரைப் பார்த்தாள், கழுதையைப் பார்த்தாள்.

“சாமி, நீங்க ஏறி வந்தது குதிரையா, கழுதையா?”

“ரெண்டுக்கும் பொறந்தது.”

“குட்டி போடுமா?”

“இது எங்கடி குட்டி போடும்!”

“இதுவும் அது மாதிரிதான் சாமி. ஆத்தா உங்க கோதுமை, அப்பன் வரப்புப் புல்லு.”

“வரப்புப் புல்லை ஏன் விட்டு வச்சே?”

“நானா விட்டேன்? கழுதைக்குத் தீனி வேணும், அறுக்காதேன்னு நீங்கதானே சொன்னீங்க!”

இப்போது பண்ணைக்காரருக்குத் தலை சுற்றியது. அவர் யோசித்து முடிப்பதற்குள் கழுதை கழுத்தை நீட்டி, அந்தப் பயிரை வேரோடு இழுத்துத் தின்றுவிட்டது.

மாராயி களைக்கொத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த பாத்திக்கு நடந்தாள்.

“பிடுங்கினது பயிரா களையான்னு இனி அதுகிட்டயே கேட்டுக்குங்க சாமி!”