அமைச்சருக்குப் பதிலாக நின்ற பூசணிக்காய்

முன்னொரு காலத்தில் வாகைக்கோட்டை நாட்டைக் கொண்டல்ராயன் என்கிற ராஜா ஆண்டு வந்தான். நல்ல ராஜாதான். ஆனால் புதுச் சாமான் ஏதாவது கையில் கிடைத்துவிட்டால் சின்னப் பிள்ளையாகிவிடுவான். ஒருமுறை கப்பல்காரன் ஒருவன் நீளமான துப்பாக்கி ஒன்றைக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து ராஜா அதைத் தோளைவிட்டு இறக்கவே இல்லை.

அந்தச் சபையில் தளபதி மல்லப்பருக்கு அமைச்சர் உலகநாதரைக் கண்டாலே ஆகாது. ராஜா எதற்கெடுத்தாலும் உலகநாதரையே கேட்கிறான் என்று அவருக்கு வயிற்றெரிச்சல்.

“மகாராஜா, ஒரு வேடிக்கை செய்யலாமா?” என்றார் மல்லப்பர். “குண்டு போடாமல் வெறும் வெடிமருந்தைக் கெட்டித்துச் சுட்டால் சத்தம்தான் வரும். ஓர் ஈ கூடச் சாகாது. ஒருவர் நெஞ்சில் வைத்துச் சுடுங்கள். நடுங்காமல் நிற்பவன்தான் வீரன். முதலில் நம் அமைச்சர் நிற்கட்டுமே!”

ராஜா கைதட்டினான். “பேஷ்! மறுக்கிறவன் கோழை. கோழைக்கு இந்தச் சபையில் இடம் கிடையாது.”

கோயில் திருவிழாவில் வெறும் மருந்து அடைத்த வேட்டுக்குழாயின் வாயைப் பொத்தியவனின் கை சிதறியதை உலகநாதர் கண்ணால் பார்த்தவர். ஆனால் இப்போது அதைச் சொன்னால் பயந்தாங்கொள்ளியின் சாக்கு என்பார்கள். ‘வேண்டாம்’ என்றால் ராஜாவுக்கு வீம்பு இன்னும் ஏறும்.

மல்லப்பர் எல்லோரும் பார்க்க மருந்தைக் கொட்டினார். துணியைச் சுருட்டி உள்ளே திணித்து, கம்பியால் இடித்து இறுக்கினார். “நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், குண்டு இல்லை! என் கையாலேயே கெட்டித்தேன்!”

ராஜா குழல் வாயை அமைச்சரின் நெஞ்சில் வைத்தான். இரும்பு சில்லென்றிருந்தது. ராஜாவின் விரல் விசைமேல் போனது. பேசாவிட்டால் செத்தோம் என்று உலகநாதர் வாயைத் திறந்தார்.

“மகாராஜா! துப்பாக்கிக்குத் திருஷ்டி கழித்தாகிவிட்டதா?”

ராஜா திடுக்கிட்டான். புதுத் தேரோ புதுக் குதிரையோ, பூசணிக்காய் உடைக்காமல் எதையும் தொடாத வம்சம் அது. “அடடா, மறந்தே போனேனே!”

“ஆயுதத்தின் திருஷ்டியை ஆயுதமே கழிக்கட்டும். இதே மருந்தால் முதலில் பூசணிக்காயைச் சுடுங்கள். அடுத்து நான் நிற்கிறேன்.”

மல்லப்பர் விழுந்து விழுந்து சிரித்தார். “சத்தத்துக்குப் பூசணிக்காய் உடையுமா? ஒரு கீறல் விழுந்தாலும் என் தலைப்பாகையைக் கழற்றி வைக்கிறேன்!”

புதிதாக வெள்ளையடித்த சுவருக்கு முன்னால், முக்காலிமேல் பெரிய பூசணிக்காயை வைத்தார்கள். ராஜா குழலை அதன்மேல் ஒட்டிப் பிடித்துச் சுட்டான்.

சபையே அதிர்ந்தது. புகை விலகியபோது முக்காலிமேல் பூசணிக்காய் இல்லை. சுவரெல்லாம் சதை, ராஜாவின் மீசையெல்லாம் விதை.

ராஜாவின் முகம் வெளுத்துவிட்டது. சிதறிய பூசணியையும் அமைச்சரின் நெஞ்சையும் மாறி மாறிப் பார்த்தான்.

“யாரோ குண்டு போட்டிருக்கிறார்கள்!” என்று அலறினார் மல்லப்பர்.

“கெட்டித்தது யார்?” என்று கேட்டான் ராஜா, மிக மெதுவாக.

மல்லப்பர் இரண்டடி பின்வாங்கினார். “அடப் பாவி! என் கையாலேயே என் அமைச்சரைக் கொல்லப் பார்த்தாயா?” ராஜா வாளை உருவினான்.

உலகநாதர் அந்த நொடியில் சும்மா இருந்திருந்தால் போதும், பகை தீர்ந்திருக்கும். இருக்கத்தான் அவருக்கும் ஆசை. ஆனாலும் குறுக்கே போய் நின்றார்.

“நிறுத்துங்கள் மகாராஜா. தளபதி பொய் சொல்லவில்லை. சுவரைப் பாருங்கள், குண்டு பட்ட குழி இருக்கிறதா?” குனிந்து பூசணிச் சதையைக் கிளறி, கருகிய துணிச்சுருளை எடுத்துக் காட்டினார். “இதுதான் பாய்ந்தது. குண்டு இல்லாவிட்டால் என்ன? இத்தனை நெருப்பும் காற்றும் குழல் வாயை ஒட்டி இருப்பதைக் கிழித்துக்கொண்டுதானே வெளியே போகும்? இவருக்கு அது தெரியவில்லை. தெரியும் என்று நினைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.”

வாள் உறைக்குள் போனது. மல்லப்பர் தலைப்பாகையைக் கழற்றினார். அதை வைத்தே மண்டியிட்டுத் தரையைத் துடைக்க ஆரம்பித்தார். யாரும் அவரைத் துடைக்கச் சொல்லவில்லை.

ராஜா தன் முத்துமாலையை அமைச்சரின் கழுத்தில் போட்டான். “இனி என் நாட்டில் வெறும் துப்பாக்கி என்று ஒன்று கிடையாது. விளையாட்டுக்குக்கூட எவனும் அதை மனிதன் பக்கம் நீட்டக் கூடாது, நான் உள்பட. உமக்கு இன்னும் என்ன வேண்டும், கேளும்.”

“இன்று அரண்மனையில் சாப்பாடு போடுங்கள் மகாராஜா, போதும்” என்றார் உலகநாதர். “என் வீட்டில் இன்று பூசணிக்காய்க் கூட்டு. எனக்காக உயிரை விட்டதை எப்படிச் சாப்பிடுவேன்?”