மாசிலான் வீட்டு மொச்சைப் பானை

ஊருக்கென்று அளந்தபோது ஈர மொச்சையைக் கொட்டிவிட்டுப் போன மகராசனே, முகத்தைத் திருப்பாதே. இந்தக் கதை உனக்குத்தான். மற்றவர்களும் கேளுங்கள், கேட்க வந்ததற்குக் காசு வாங்கமாட்டேன்.

மலைக்கும் ஆற்றுக்கும் பேர் வைக்காத காலத்தில், ஒரு மலையடி ஊரில் மாசிலான் என்றொரு தலைவன் இருந்தான். மாசு இல்லாதது அவன் பேரில் மட்டும்தான்.

அந்த ஊரில் வீட்டுக்கு வீடு வேலியில் மொச்சை படரும். நெற்று கொடியிலேயே காய வேண்டும். உரித்த பிறகு வெயிலில் காய வேண்டும். கடித்தால் பல் பதியாமல் படீரென்று உடைய வேண்டும். அப்புறம்தான் பானையில் கொட்டி, வேப்பிலை போட்டு, வாயை மண்ணால் பூசுவார்கள். கழுத்தில் வீட்டுக் குறி கீறி, வீட்டுக்கு ஒரு பானை, பஞ்சத்துக்குச் சேர்த்துவைக்கும் ஊர்க் கொட்டடிக்குப் போகும். மழை பொய்த்த வருஷம் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். யார் பானை யாருக்கு விழுமோ, தெரியாது.

மாசிலான் யோசித்தான். காய்ந்தால் மொச்சை சுருங்கும், ஈரமாய் இருந்தால் கொஞ்சத்திலேயே பானை நிறையும். தின்னப்போகிறவன் வேறு எவனோதானே. நல்லதைத் தன் பரணில் ஏற்றிவிட்டு, உரித்த கையோடு ஈரத்தை அடைத்துப் பூசினான்.

மழை பொய்த்தது. மூன்று பிள்ளைகளோடு தனியாய் நின்ற பூவாயிக்குத் தலைவன் பானை விழுந்தது. தலைவனுக்கு அவள் பானை.

பூவாயி குலுக்கிப் பார்த்தாள். மற்ற பானைகள் கலகலத்தன, இது வாயே திறக்கவில்லை. இதை நம்பிப் போனால் பிள்ளைகள் பட்டினி. அவள் கும்பிட்டாள்.

"ஐயா வீட்டுப் பண்டம் எனக்கு எதுக்குங்க? நீங்களே வச்சுக்குங்க."

கொடுத்ததைத் திரும்ப வாங்கும் வழக்கம் தனக்கில்லை என்றான்.

பானைக்குப் பானை மாற்றிக்கொள்வோமா என்றாள். சீட்டு சாமி வாக்கு என்றான்.

அப்படியானால் இங்கேயே அவித்து முதல் கை உங்களுக்கே வைக்கிறேன் என்றாள். இரண்டு நாளாய் வயிறு சரியில்லை என்றான்.

ஊர் சிரித்தது. பூவாயி பானையை உடைத்தாள். முதலில் நாற்றம் வந்தது, அடுத்துப் பூஞ்சணம், கடைசியாக வண்டுக்கூட்டம்.

"எல்லாம் வண்டு செஞ்ச வேலை," என்றான் மாசிலான்.

"உங்க வீட்டுக் குறி மட்டும் வண்டுக்கு எப்படிங்கய்யா தெரிஞ்சுது?"

அவள் பானையை ஊர் அவளிடமே கொடுத்தது. அவன் வீட்டுக்குள் போய்த் தேடி, பரணில் ஏறியதை மாசிலான் தலையிலேயே ஏற்றிக் கொட்டடிக்குச் சுமக்க வைத்தது. அவன் பங்கு, அந்த நாறிய பானை.

பொதுவில் போடும்போது ஏமாற்றுகிறவன், பொதுவிலிருந்து எடுக்கும்போது தலைகுனிவான்.

கேட்டாயா மகராசனே? வெயில் இருக்கிறது, உன்னிடம் மொச்சையும் இருக்கிறது. காயப்போடு, கடித்துப் பார், ஊர் பார்க்க அளந்து கொண்டுவந்து கொட்டு.