சண்டைக்கு முந்தின அளவு

"டீச்சர், ஆளைப் பார்க்காம ஜாக்கெட் தைக்க முடியுமா?" என்று கேட்டாள் தவமணி.

"அளவு ஜாக்கெட் இருந்தா முடியும்," என்றாள் பர்வீன்.

கேட்டவள் பேரன் எடுத்தவள். பதில் சொன்ன டீச்சருக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. திண்டுக்கல்லில் ஒரு செல்போன் கடைக்கு மேல்மாடியில் நாலைந்து மெஷின் போட்டுத் தையல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

குரு என்றால் தாடி வேண்டும், மான்தோல் வேண்டும் என்பார்கள். இந்தக் குருவுக்குக் கழுத்தில் இஞ்ச் டேப், வாயில் குண்டூசி. வாயில் ஊசி இருந்ததால் பேச்சு குறைவு. பேச்சு குறைவாக இருந்ததால் வகுப்பே பயந்தது.

தவமணி மயில்கழுத்து நிறப் பட்டுத்துணியை விரித்தாள். முதுகில் வருகிற மாதிரி ஒரு ஜோடி மயிலைத் தன் கையாலேயே பூத்தையலில் போட்டிருந்தாள். தங்கை இந்திராணி புது வீடு கட்டியிருக்கிறாள். அதற்குப் பரிசு.

பக்கத்தில் தங்கையின் பழைய ஜாக்கெட் ஒன்றை வைத்தாள். பாச்சை உருண்டை வாசம் அடித்தது.

பர்வீன் அதைத் தூக்கிப் பார்த்தாள். "இது எப்ப உள்ள அளவு?"

"சண்டைக்கு முந்தினது."

பர்வீன் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

என்ன சண்டை என்று வகுப்பே கேட்டது. தவமணி ஒளிக்கவில்லை. தன் மகள் கல்யாணத்தில் தான் வைத்த பாயசத்தை, சம்பந்தி வீட்டார் முன்னால் இந்திராணி ஒரு வாய் குடித்துவிட்டு, மூக்கைச் சுருக்கி, தலையைச் சாய்த்து, தேன் ஒழுகச் சொன்னாளாம்: "அக்கா, லேசாப் புகை வாடை அடிக்குதே... எனக்கு மட்டுந்தானா?"

தவமணி வாயில் அப்படியே இந்திராணி குரல். மெஷின்கள் நின்றன. சிரித்த சிரிப்பில் ஒருத்தி விரலில் குத்திக்கொண்டாள்.

தான் திருப்பிச் சொன்னதையும் தவமணி சொல்லிக் காட்டினாள். அதற்கு மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது. அன்றோடு போக்குவரத்து இல்லை.

தவமணியின் திட்டம் எளிது. தைத்துக் கூரியரில் அனுப்பிவிடுவது. இந்திராணி பேச வேண்டாம். கிரகப்பிரவேசத்தன்று போட்டுக்கொண்டால் போதும்.

"அளவு மாறியிருக்கும்," என்றாள் பர்வீன்.

அதற்கும் தவமணியிடம் பதில் இருந்தது. "உள்ள ரெண்டு விரல் துணி விட்டுத் தைக்கிறேன் டீச்சர். குண்டாகியிருந்தா பிரிச்சு விட்டுக்கட்டும்."

பர்வீன் வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து குட்டி ஊசிமெத்தையில் குத்தினாள்.

"இளைச்சிருந்தா?"

தவமணி பழைய ஜாக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

இத்தனை வருஷமும் தங்கையைப் பற்றி என்னென்னவோ நினைத்திருக்கிறாள். நகை போட்டு நினைத்திருக்கிறாள். காரில் ஏற்றி நினைத்திருக்கிறாள். நாக்கை இன்னும் நீளமாக்கி நினைத்திருக்கிறாள். இளைத்து ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை.

"யார்கிட்டயாவது விசாரிக்கட்டுமா?"

பர்வீன் தன் கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றித் தவமணியின் கழுத்தில் போட்டாள். அடுத்த மெஷினுக்குப் போய்விட்டாள்.

டவுன் பஸ்ஸில் தவமணி ஒத்திகை பார்த்தாள். முதலில் கெத்தாக. பிறகு அழுகுரலில். பிறகு இந்தப் பக்கமாக வந்தேன் என்கிற குரலில். கண்டக்டர் குனிந்து, "எந்த ஸ்டாப்புன்னு மட்டும் சொல்லுங்கம்மா," என்றார்.

புது வீட்டுக் கதவு திறந்தது. நிலைப்படியை அடைத்துக்கொண்டு நின்றாள் இந்திராணி. கையில் கொத்தனார் கரண்டி.

இளைக்கவில்லை. இளைப்புக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை. தவமணிக்கு மூச்சு வந்தது. ஒத்திகை பார்த்த குரல்கள்தான் ஒன்றுகூட வரவில்லை.

"ஜாக்கெட் தைக்கணும். கையைத் தூக்கு."

இந்திராணி அக்காவைப் பார்த்தாள். டேப்பைப் பார்த்தாள். கரண்டியை ஜன்னலில் வைத்துவிட்டு, தெரு பார்க்க, வாசலிலேயே இரண்டு கையையும் தூக்கினாள்.

மார்பளவு எடுக்க டேப்பை முதுகுப் பக்கமாகச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். தள்ளி நின்றால் கை எட்டவில்லை. தவமணி ஓரடி நெருங்கினாள். அப்போதும் எட்டவில்லை. இன்னும் நெருங்கியதில் கன்னம் தங்கை தோளில் பட்டது. பின்னால் விரல்களுக்கு டேப்பின் நுனி அகப்பட்டது.

எதிர்வீட்டுக்காரி கோலப்பொடி டப்பாவோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, கை வலிக்குது."

"அளவு இன்னும் முடியல," என்றாள் தவமணி. "கையை மட்டும் இறக்கிக்க."