கடைசிப் பந்தி

அசனத்துக்கு அரிசி வந்துவிட்டது, ஆடு வந்துவிட்டது, தேங்காயும் வந்துவிட்டது. உப்பு மட்டும் வரவில்லை.

கிருபைவிளைச் சபையில் பிரதிஷ்டைப் பண்டிகை அன்று ஊரே கோயில் வளாகத்தில் உட்கார்ந்து சாப்பிடும். அதற்குப் பெயர்தான் அசனம். வீட்டுக்கு வீடு ஏதாவது கொடுப்பார்கள். உப்பளத்துக் குடிசைக்காரர்கள் சபையில் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. அவர்கள் பங்கு உப்பு. பண்டிகைக் காலையில் மூட்டை வரவில்லை என்றால் அவர்களும் வரப்போவதில்லை என்று அர்த்தம். அசனத்தை விட்டவர்கள் அடுத்த ஞாயிறு ஆராதனையையும் விட்டுவிடுவார்கள்.

உபதேசியார் வேதமாணிக்கத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றபின் ஊழியம் கற்க வந்தவர் அவர். கற்றுக்கொடுத்த ஞானாயுதம் ஐயருக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. அந்தப் பக்கத்தில் சபைக்குருவை ஐயர் என்றுதான் சொல்வார்கள். தன்னைவிட இருபது வயது சின்னவரிடம் பாடம் கேட்பதில் வேதமாணிக்கத்துக்குக் கூச்சம் கிடையாது. கோபத்தையும் அவரிடமே கொண்டுபோவார்.

"கடையில ஒரு மூட்டை உப்பு வாங்கிட்டாப் போச்சு, ஐயா."

"என்னவாம் அவங்களுக்கு?"

"வருஷா வருஷம் கடைசிப் பந்தியில அவங்களுக்கு வெறும் குழம்புதான் ஊத்துறோமாம். உப்பளத்துச் சுடலைவடிவு வீடு வீடாப் போய்ச் சொல்லிக்கிட்டுத் திரியுறா. மேலத்தெரு முடிஞ்சு கீழத்தெரு முடிஞ்சு அவங்க முறை வர்றப்போ கறி தீந்துபோனா நான் என்ன செய்ய? நான் மட்டும் முதல் பந்தியிலயா உக்காந்தேன்? பரிமாறிட்டு எல்லாருக்கும் கடைசியிலதான் சாப்பிட்டேன்."

அது உண்மைதான். அவர் அப்பா காலத்துக்குப் பிறகு கறி வாளி அவர் கையில்தான் இருந்தது. அசனத்தில் அதைத் தூக்குவது சின்ன மரியாதை இல்லை.

வேதமாணிக்கம் மேலும் கேட்டார்.

"அப்போஸ்தலர் காலத்துச் சபையில இப்படியெல்லாம் உண்டா, ஐயா?"

"உண்டே. முதல் மனஸ்தாபமே சாப்பாட்டுலதான். எங்க விதவைகளைக் கவனிக்கலன்னு எபிரெயர் மேல ஒரு கூட்டம் முறையிட்டுது."

"அதுக்குத்தான் பந்தி விசாரிக்க ஏழு பேரை வச்சாங்களே."

"அவங்க பேரு ஞாபகம் இருக்கா?"

ஓய்வுநாள் பள்ளியில் பரிசு வாங்கியவரிடம் இப்படியா கேட்பது? வேதமாணிக்கம் மூச்சுவிடாமல் ஒப்பித்தார். "ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா."

"இதுல எபிரெயப் பேரு எது?"

அவர் மனசுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தார். "ஒண்ணும் இல்ல. எல்லாம் கிரேக்கப் பேரு."

"முறையிட்டது யாரு?"

"கிரேக்க பாஷை பேசுறவங்க..."

ஏழு பேரும் முறையிட்ட பக்கத்து ஆட்கள். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பெயர்கள் அவை.

"குத்தம் சொன்னவங்க கையிலயே கொடுத்தா, தப்பு நம்ம மேலன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆகிடாதா, ஐயா?"

ஐயர் செருப்பை மாட்டிக்கொண்டார். "வெயில் ஏறுறதுக்குள்ள போயிட்டு வருவோம். அந்த வாளியை எடுத்துக்கோங்க, அண்ணாச்சி."

உப்பளத்தில் சுடலைவடிவு வாரிய உப்பைக் குவித்துக்கொண்டிருந்தாள். புருஷன் செத்தபின் இரண்டு பிள்ளைகளை அந்த உப்பில்தான் வளர்க்கிறாள். ஞானஸ்நானத்தின்போது பெயரை மாற்றச் சொன்னதற்கு, அப்பா வைத்த பெயர் என்று சொல்லி மறுத்தவள். வந்து நின்ற இரண்டு பேரையும் பார்த்தும் அவள் கை நிற்கவில்லை.

"சமாதானம் பேச வந்தீகளோ?"

ஐயர் வரப்பில் நின்று தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். வேதமாணிக்கம்தான் பேச வேண்டியிருந்தது.

"இன்னைக்குக் கறி நீ பரிமாறணும்," என்று வாளியை நீட்டினார்.

அவள் நிமிர்ந்தாள். வாளியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"நான் போட்டா மேலத்தெருக்காரக சாப்பிடுவாகளா?"

வேதமாணிக்கம் ஐயரைத் திரும்பிப் பார்த்தார்.

"முதல் இலை எனக்கு," என்றார் ஐயர். "அதுக்கு நீ போடு. மத்தவங்க இலையை மத்தவங்க பாத்துக்கட்டும்."

அரைமணி நேரத்தில் உப்பு மூட்டை கோயில் அடுப்படிக்கு வந்து சேர்ந்தது.

முதல் பந்தியில் மேலத்தெருப் பெரியவர்கள் இரண்டு பேர் அவள் வாளியோடு வருவதைப் பார்த்ததும் இலையை மடித்துவிட்டு எழுந்து போனார்கள். மற்றவர்கள் ஐயரைப் பார்த்தார்கள். ஐயர் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவர்களும் சாப்பிட்டார்கள்.

பரிமாற வேலை இல்லாத வேதமாணிக்கத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசிப் பந்தியில் உப்பளத்துப் பெண்களோடும் பிள்ளைகளோடும் போய் உட்கார்ந்தார். சோறு வந்தது. குழம்பு வந்தது. பக்கத்து இலையில் சுடலைவடிவின் சின்ன மகள் குழம்பைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் கறிக்குக் காத்திருந்தாள்.

வாளியின் அடியில் கரண்டி உரசும் சத்தம் அவருக்குக் கேட்டது. எத்தனையோ வருஷம் அவர் கையாலேயே எழுப்பிய சத்தம்தான். இலை முன்னால் உட்கார்ந்து கேட்டது இதுதான் முதல் தடவை.

சுடலைவடிவு வாளியைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குள் போனாள். மூடி போட்ட பெரிய சட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அந்தச் சட்டியை அவருக்குத் தெரியும். பரிமாறுகிற பத்துப் பதினைந்து பேருக்கென்று சமையல்காரர் முதலிலேயே கறி எடுத்து மூடி வைக்கும் சட்டி. அவர் அப்பா காலத்து வழக்கம். எல்லாரும் போனபின் அடுப்படியில் உட்கார்ந்து அதிலிருந்துதான் அவர் சாப்பிடுவார்.

"அதை ஏம்மா எடுத்த? அது பரிமாறுறவங்களுக்கு..."

"சமையக்காரரும் அப்படித்தான் சொன்னாரு, அண்ணாச்சி. பரிமாறுற எங்களுக்கு எதுக்குத் தனியா?"

சின்னவள் இலையில் ஒரு துண்டு விழுந்தது. அவர் இலையிலும் ஒரு துண்டு. அவள் நிற்காமல் அடுத்த இலைக்குப் போனாள். சட்டி கடைசி இலைவரை வந்தது.

வேதமாணிக்கம் இலையில் கையை வைக்கவில்லை. அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது.

ஐயர் செம்போடு தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்து அவர் முன்னால் குனிந்தார்.

"எல்லாருக்கும் கடைசியாத்தான் சாப்பிடுறேன்னு இத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டிருந்தேன், ஐயா."

"கடைசியாத்தான் சாப்பிட்டீங்க, அண்ணாச்சி," என்றார் ஐயர். "கடைசிப் பந்தியில சாப்பிடல."