மானிட்டரைக் கழற்றிய டீச்சர்

“டீச்சர், நாலு மாசமா மெனக்கெட்டு ஒரு கம்ப்யூட்டரைத் தயார் பண்ணிட்டேன். என் வீட்டுக்காரி அதுல உக்காரவே மாட்டேங்கா.”

சங்கரநயினார் இப்படித்தான் ஆரம்பித்தார். மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தொன்று. அவர் முறையிட்டது ஷம்ஷாத் டீச்சரிடம். டீச்சருக்கு முப்பத்து நான்கு வயது; பிறவியிலேயே பார்வை கிடையாது. பாளையங்கோட்டையில் காசில்லாமல் கிடைக்கும் கட்டற்ற மென்பொருள்களை வைத்து யார் வந்தாலும் கணினி சொல்லிக்கொடுக்கிறார். ஞாயிறு தவறாமல் முன்வரிசையில் வந்து உட்காரும் மாணவர் சங்கரநயினார்.

“என்னென்ன போட்டிருக்கீங்க, அண்ணாச்சி?”

அவர் ஒப்பிக்கத் தொடங்கினார். எழுத ஒன்று, படம் வரைய ஒன்று, பாட்டுக்கு இரண்டு, பஞ்சாங்கம், நட்சத்திரம் பார்க்க ஒன்று. சும்மா கிடைக்கிறது என்றால் நம் ஆட்களுக்குக் கை நிற்காது. திரையில் மட்டும் இருபத்து மூன்று படக்குறிகள். எழுத்தெல்லாம் கட்டைவிரல் பருமன், கறுப்பில் மஞ்சள்.

“எழுத்து எதுக்கு அவ்வளவு பெருசு?”

“அவளுக்குக் கண்ணு கொஞ்சம்...” அவர் இழுத்தார். “பெருசா போட்டா தெரியும்.”

“தெரியுதுன்னு மதினி சொன்னாங்களா?”



“டாக்டர் இனிமே பார்வை வராதுன்னுட்டாரு, டீச்சர். சர்க்கரை. போன ஆடியோட எல்லாம் போச்சு. தெரியுதுன்னு அவ சொல்லல. நான்தான் சொல்லிட்டுத் திரியுதேன்.”

 பாவம் மனுஷன்.

“மதினிக்கு கம்ப்யூட்டர் என்னத்துக்கு?”

“பம்பாயில இருக்க அவ தங்கச்சிக்கு லெட்டர் எழுதத்தான். கல்யாணமானதுலருந்து ரெண்டு பேரும் மாசம் தவறாம எழுதிக்கிடுவாங்க. கண்ணு போன பொறவு அவ சொல்லச் சொல்ல நான்தான் ஈமெயில் அடிச்சேன்.”

“சொன்னதை அப்படியே அடிச்சீங்களா?”

“கொஞ்சம் திருத்தி அடிச்சேன்.”

“எதைத் திருத்துனீங்க?”

“தனியா இருக்கப்ப பயமா இருக்குன்னு போடச் சொன்னா. சௌக்கியமா இருக்கேன்னு போட்டேன். அந்தப் பிள்ள அங்க கெடந்து கவலப்படும்லா.”

“மதினிக்குத் தெரியுமா?”

“தங்கச்சி போன்ல, ‘நீ சௌக்கியமா இருக்கியாமே, சந்தோஷம்’னு சொல்லிட்டா. அன்னைக்கு விட்டவதான். லெட்டர் பேச்சையே எடுக்கல.”

டீச்சர் கைத்தடியை எடுத்தார்.

“வாங்க, வீட்டுக்குப் போவோம்.”

*

அவர் மனைவி காந்திமதி தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். டீச்சர் வந்திருப்பதைக் கேட்டதும் எழுந்து கைபிடித்து அழைத்துப்போய் நாற்காலியில் உட்காரவைத்தார்.

டீச்சர் மேசையைத் தடவினார். மானிட்டரின் பின்பக்கம் கைவிட்டு, ஒயரைப் பிடுங்கினார்.

“டீச்சர், அது புதுசு,” என்றார் சங்கரநயினார்.

“அப்ப வேற யாருக்காவது ஆகும்.”

பிறகு காந்திமதியின் பக்கம் திரும்பினார். “நீங்க ஏன் இதுல உக்கார மாட்டேங்கீங்க, மதினி?”

“எனக்கு ஓடல, டீச்சர். அம்மான்னு எழுத இங்கிலீஷ்ல ஏ, எம், எம், ஏன்னு அடிக்கணுமாம். அவருக்கு அப்படித்தான் பழக்கம். எனக்கு எரிச்சலா வருது.”

“டைப்ரைட்டிங் படிச்சிருக்கீங்களா?”

“தமிழ் ஹையர் பாஸ். அது ஆச்சு முப்பத்தஞ்சு வருஷம்.”

“அது வேற மெஷின், இது வேற மெஷின்லா, டீச்சர்,” என்றார் சங்கரநயினார்.

டீச்சருக்கு எல்லாம் விரல் மனப்பாடம். நாலைந்து விசைகளைத் தட்டி, விசைப்பலகையைப் பழைய தமிழ் டைப்ரைட்டர் வரிசைக்கு மாற்றினார். அந்த வரிசை முதல் நாளிலிருந்தே அந்தக் கணினிக்குள் இருந்தது. சங்கரநயினார் அதைத் தாண்டிப் போய்த்தான் நட்சத்திரங்களை இறக்கியிருந்தார்.

அடுத்து, அடிப்பதை வாசித்துக்காட்டும் மென்பொருளை எழுப்பினார். கடிதம் எழுத ஒரு விசை, அனுப்ப ஒரு விசை, வந்ததைக் கேட்க ஒரு விசை. மற்றதையெல்லாம் நீக்கினார்.

“பஞ்சாங்கமுமா?”

“மதினி கேட்டா போட்டுக் கொடுங்க.”

டீச்சர் எழுந்து இடம்விட, காந்திமதி நாற்காலியில் உட்கார்ந்தார். ஆள்காட்டி விரல்களுக்கு அடையாளமாக இரண்டு விசைகளில் மட்டும் சின்ன மேடு இருக்கும். விரல்கள் அதைத் தேடிப் பிடித்துக்கொண்டன. அப்புறம் யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

“அன்புள்ள தங்கச்சிக்கு,” என்றது ஒலிபெருக்கி.

காந்திமதி கையை எடுத்துவிட்டார். ஏழு மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்தார்.

“தொண்டை கட்டுனவன் மாதிரில்லா வாசிக்கான்.”

மறுபடி தட்டினார். இரண்டு வரி ஓடியது. மூன்றாவது வரியில் கை நின்றது. முகம், கணவர் நின்ற பக்கம் லேசாகத் திரும்பியது.

டீச்சர் தன் பையிலிருந்து ஹெட்போனை எடுத்துச் செருகி, காந்திமதியின் தலையில் மாட்டிவிட்டார். ஒலிபெருக்கி அடங்கியது. விசைகளின் சத்தம் மட்டும் மழை வலுப்பதுபோல வேகம் பிடித்தது.

சங்கரநயினார் வெறும் மேசையைப் பார்த்தார். திரை இல்லை. குரலும் இல்லை. அவருக்கு உள்ளபடியே பயம் வந்துவிட்டது.

“டீச்சர், அவ என்ன எழுதுதான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

டீச்சர் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கொத்துகளை மடியில் இழுத்துக்கொண்டார். பாதியை எடுத்து அவர் பக்கம் தள்ளினார்.

அவர் உட்கார்ந்து கீரை உருவினார். ஒரு கொத்து, இரண்டு கொத்து. அதற்கு மேல் முடியவில்லை. எழுந்துபோய் மனைவியின் தோளைத் தொட்டார்.

“ஏட்டி, என்னதான் எழுதுத?”

காந்திமதி ஒரு காதை மட்டும் விடுவித்தார்.

“உங்களுக்கு எழுதும்போது சொல்லுதேன்.”