மைனருக்கும் மைனருக்கும்

மலையின் மேலே பாலமுருகன் இருந்தார். அடிவாரத்தில் முத்தையா இருந்தார். பக்தர்களின் செருப்பை வாங்கி அடுக்கி டோக்கன் கொடுப்பது அவர் வேலை. மேலே போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்து முத்தையாவின் பலகையருகே உட்கார்ந்துவிடுகிறவர்களும் உண்டு. வக்கீல் ஆவுடையப்பன் அவர்களில் ஒருவன். நான்கு வருடமாக அவரைக் குரு என்கிறான். அவர் அதை ஒப்புக்கொண்டதும் இல்லை, மறுத்ததும் இல்லை.

அன்று அவன் செருப்பைக் கழற்றாமலே பேச ஆரம்பித்தான்.

"ஐயா, எனக்குப் பதினொரு வயதில் அம்மாவுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. பிழைக்க மாட்டாள் என்றார்கள். இதே படிக்கட்டில் நின்று, 'அம்மாவைக் கொடு, நான் கல்யாணமே செய்துகொள்ள மாட்டேன்' என்று முருகனிடம் சொன்னேன்."

"பதினொரு வயதில் அது பெரிய தியாகம்தான்."

"கேலி செய்யாதீர்கள். அம்மா பிழைத்துவிட்டாள். எனக்கு இப்போது முப்பத்தொன்று. காந்திமதி என்று ஒருத்தி. வெள்ளிக்கிழமை அவள் வீட்டுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். 'உங்கள் முருகனிடமே கேட்டுவிட்டு வாருங்கள். இனி நான் கேட்க மாட்டேன்' என்று சொல்லிவிட்டாள்."

"கேட்க வேண்டியதுதானே?"

"கேட்கத் தேவையே இல்லை ஐயா. பதினெட்டு நிரம்பாதவர் செய்த ஒப்பந்தம் செல்லாது. பிறந்தபோதே செத்த ஒப்பந்தம் அது. பெரியவனான பிறகு நானே விரும்பினாலும் அதற்கு உயிர் கொடுக்க முடியாது. போதாததற்கு, கோயில் தெய்வமும் சட்டத்தின் கண்ணில் மைனர்."

முத்தையா நிமிர்ந்தார். "முருகன் மைனரா? இரண்டு கல்யாணம் செய்ததாலா?"

"அந்த மைனர் இல்லை ஐயா! வயது வராதவர். அவர் காரியத்தை இன்னொருவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். எத்தனை யுகம் ஆனாலும் மைனர்தான்."

"ஆக, மைனருக்கும் மைனருக்கும் ஒப்பந்தம்."

"இரண்டு மடங்கு செல்லாது," என்றான் ஆவுடையப்பன். கோர்ட்டில்கூட அவன் இவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை.

"செல்லாத ஒப்பந்தத்தில் ஒருவன் கைக்கு வந்த பொருளை என்ன செய்யச் சொல்வார்கள்?"

"அது இன்னும் அவன் கையில் இருந்தால், சில வழக்குகளில், திருப்பிக் கொடுக்கச் சொல்வார்கள்."

"உன்னிடம் இருக்கிறதா?"

"எது? அம்மாவா? மொட்டைமாடியில் வற்றல் காய வைத்துக்கொண்டிருப்பாள்."

"நல்லது. திருப்பிக் கொடுத்துவிடு."

ஒரு குடும்பம் வந்து ஏழு ஜோடிச் செருப்பைக் கொடுத்துவிட்டு, டோக்கன் வாங்கிக்கொண்டு, படியேறியும் போய்விட்டது.

"அப்படியானால் ஒப்பந்தம் செல்லும் என்கிறீர்கள்," என்றான் கடைசியில். "நான் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது."

முத்தையா பலகைக்கு அடியில் கைவிட்டுத் துழாவி, ஒரு ஜோடிச் சின்னச் செருப்பை எடுத்தார். நீல வார். என்றோ ஒரு குழந்தை மறந்துவிட்டுப் போனது. தூசியைத் தட்டி அவன் முன்னால் போட்டார்.

"போட்டுக்கொண்டு நட."

குரு சொன்னால் செய்பவன் அவன். ஒரு காலின் செருப்பை மட்டும் உதறிவிட்டு மிகவும் முயன்றான். பூ விற்கும் பெண் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"பெருவிரல்கூட நுழையவில்லை. வார் அறுந்துவிடும் ஐயா."

"அப்படியானால் கொடு, தூக்கி எறிந்துவிடலாம்."

ஆவுடையப்பன் கொடுக்கவில்லை. அந்தச் செருப்பைக் கையில் எடுத்து இறுகப் பிடித்துக்கொண்டான். ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை.

"செல்லாது என்றால் அம்மாவைத் திருப்பிக் கேட்கிறீர்கள். செல்லும் என்றால் இதைப் போடச் சொல்கிறீர்கள். ஒன்று செல்லும், இல்லையென்றால் செல்லாது. மூன்றாவதாக ஒன்றை நான் படிக்கவில்லை. வெள்ளிக்கிழமை அவளிடம் என்ன சொல்வது?"

"மேலே போய்க் கேட்டுவிட்டு வா. ஆனால் செருப்போடு ஏறக் கூடாது. அந்த ஜோடியையும் வை. உன் காலில் இருப்பதையும் கழற்றி வை."

அவன் இரண்டு ஜோடியையும் பலகைமேல் வைத்தான். பழக்கத்தில் கையை நீட்டினான்.

"டோக்கன்?"

"எதற்கு? இறங்கி வந்து காலைக் காட்டு. எது உன்னுடையது என்று பார்த்துக் கொடுக்கிறேன்."