எல்லையில் கிடந்த நான்கு கற்கள்

இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. இதில் கீரியும் வருகிறது, உடும்பும் வருகிறது. யார் பக்கமும் சாய்ந்துவிடக் கூடாது.

ஏரியின் கிழக்குக் கரை கீரிகளின் நாடு. மேற்குக் கரை உடும்புகளின் நாடு. நடுவில் தண்ணீர் இருந்தவரை சண்டை இல்லை. அந்தக் கோடையில் ஏரி வற்றி, ஒரே ஒரு குட்டை மிஞ்சியது. அதிலிருந்த நண்டும் மீனும் யாருக்கு என்று தினமும் கடி, தினமும் காயம்.

கடைசியில் கீரிகளின் தலைவி மின்னியும் உடும்புகளின் தலைவர் பாறையனும் உடன்படிக்கைக்குச் சம்மதித்தார்கள். இருவரும் தத்தம் கரையிலிருந்து ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். சந்திக்கும் இடமே எல்லை.

"ஓடக் கூடாது, தாயே. நடக்கணும்" என்றார் பாறையன்.

"நீங்களும் நாலடிக்கு ஒருதரம் நாக்கை நீட்டிக்கிட்டு நிற்காதீங்க" என்றாள் மின்னி.

சந்தித்த இடத்தில் புள்ளி போட்ட நான்கு கற்கள் கிடந்தன. "யாரோ நமக்காகவே வைத்த மாதிரி இருக்கே" என்று இருவரும் வியந்தார்கள். அவற்றையே எல்லைக் கற்களாக்கினார்கள். குட்டையில் ஆளுக்குப் பாதி. கற்களைத் தொட்டவருக்குக் குட்டையில் பங்கே கிடையாது. இப்படி முடிவானது.

அவை கற்கள் அல்ல. கூவாயி என்ற ஆள்காட்டிக் குருவியின் முட்டைகள். வெயிலில் முட்டை வெந்துவிடாமல் இருக்க, அவள் குட்டையில் வயிற்றை நனைத்து வந்து அவற்றின் மேல் உட்காருவாள். அதனால் முட்டைகளில் சேற்று வாசம்தான் வீசியது. முட்டை தின்னும் இருவருக்குமே தெரியவில்லை.

கூவாயி வாயைத் திறக்கவில்லை. இருபது நாள் ஒருவரும் கிட்டே வரவில்லை. பிறகு ஒரு காலையில் முட்டைக்குள்ளிருந்து மெல்லிய சத்தம் கேட்டது. சந்தோஷப்பட வேண்டியவளுக்குக் கவலை வந்தது.

"பொரிச்சதும் குஞ்சுகளைக் கூட்டிக்கிட்டுப் போயிடலாம். எதுக்குக் கவலைப்படறே?" என்றது அவள் துணையான ஆண் குருவி.

"ஏங்க, கல்லைக் காணோம்னா நீ எடுத்தியா நான் எடுத்தேனான்னு ரெண்டு நாடும் மோதிக்கும். பறக்கத் தெரியாத பிள்ளைங்களை வச்சுக்கிட்டு அந்தக் கால்களுக்கு நடுவுல எங்கேங்க ஓடுறது?"

அவள் கத்திக் கத்தி இரண்டு தலைவர்களையும் ஒரே நேரத்தில் வரவழைத்தாள். இறக்கையால் முட்டைகளை மூடியபடி உண்மையைச் சொன்னாள்.

பாறையனின் நாக்கு வெளியே வந்தது. "கல்லைத் தொடக் கூடாதுன்னுதான் பேச்சு. முட்டையைப் பத்தி யாரும் பேசலையே."

"தொட்டுப் பாருங்க. குட்டை முழுக்க எங்களுக்கு" என்றாள் மின்னி. அவளுக்கும் வாயூறியது.

"நீ தொட்டா எங்களுக்கு."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றார்கள். அப்போது ஒரு முட்டை பொரிந்தது. ஈரக் குஞ்சு ஒன்று தள்ளாடி வந்து, பாறையனின் முன்காலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டது. பாறையன் மூச்சைக்கூட மெதுவாக விட்டார்.

"அசையாதீங்க, விழுந்துடும்" என்றாள் மின்னி. அவளும் மூன்று குட்டிகளுக்குத் தாய்.

அன்று மாலைக்குள் இரண்டு நாடும் சேர்ந்து நான்கு பெரிய கற்களை உருட்டி வந்து அங்கே நட்டன. பறக்கும்வரை குஞ்சுகளும் எல்லைக் கற்கள்தான், தொட்டவருக்குப் பங்கு கிடையாது என்று உடன்படிக்கையில் ஒரு வரி சேர்ந்தது.

ஆனாலும் கூவாயிக்கு மனசு ஆறவில்லை. கொடுத்த வாக்கைப் பசி மறக்கடித்துவிட்டால்? அதனால் குஞ்சுகளை அந்தக் கற்களின் ஓரமாகவே மேயவிட்டாள். கீரி நெருங்கினால் மேற்கே பார்த்துப் பாறையனைக் கூவி அழைத்தாள். உடும்பு நெருங்கினால் கிழக்கே பார்த்து மின்னியை அழைத்தாள். நான்கு குஞ்சுகளும் பறந்து போகும்வரை அப்படியே செய்தாள்.

உண்மையை ஒரு பக்கத்தின் காதில் மட்டும் ஓதாமல் இரண்டு பக்கமும் கேட்கச் சொன்னால், அவர்களுடைய பகையே எளியவருக்குக் காவலாக நிற்கும்.